பெட்டி கேஸ் சின்ன கேஸ் அல்ல

சாதியும் நீதிமன்றமும் என்று பேச்சு வந்தால் நமக்கு உடனே நினைவுக்கு வருபவை கீழவெண்மணியும் மேலவளவும்தான். கொலை, தீவைப்பு, ஆணவக்கொலை, விடுதலைத் தீர்ப்பு, மேல்முறையீடு என்று நம் விவாதங்கள் அந்த வழக்குகளைச் சுற்றியே நடக்கின்றன. நடக்கவும் வேண்டும். ஆனால் காலனியில் பிறந்த ஓர் இளைஞர் தன் வாழ்நாளில் முதன்முறையாக நீதிமன்றப் படியேறுவது பெரும்பாலும் அப்படியொரு வழக்குக்காக அல்ல. 'பொது இடத்தில் ஆபாசமாகப் பேசினார்', 'குடித்துவிட்டு ரகளை செய்தார்', 'பொதுமக்களுக்கு இடையூறாக நின்றார்' என்ற இரண்டு வரிக் குற்றச்சாட்டுக்காகத்தான் ஏறுகிறார். அரை மணி நேரத்தில் அபராதத்தைக் கட்டிவிட்டு இறங்கியும் விடுகிறார்.

காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் இதற்குப் பெயர் 'பெட்டி கேஸ்'. சில்லறை வழக்கு. வழக்கறிஞர் சங்கம் இதைப் பேசாது, நாளிதழ் எழுதாது, இயக்கங்கள் துண்டறிக்கை போடாது. ஆனால் சாதிய ஒழுங்கு இந்த நாட்டில் அன்றாடம் காக்கப்படும் இடங்களில் இந்தச் சில்லறை வழக்குக்கும் இடம் உண்டு என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

சட்டம் என்ன சொல்கிறது?

முதலில் இந்தப் பிரிவுகளைத் தெரிந்துகொள்வோம். சென்னையில் '75 கேஸ்' என்று சொன்னால் எல்லோருக்கும் புரியும். 1888-ஆம் ஆண்டின் மாநகரக் காவல் சட்டத்தின் 75-ஆவது பிரிவு அது. பொது இடத்தில் குடித்து நிலைதடுமாறிக் கிடப்பது, கலவரமாகவோ ஒழுங்கற்றோ அநாகரிகமாகவோ நடந்துகொள்வது ஆகியவை அதன்படி குற்றம். வெள்ளைக்காரன் தன் நகரத்தின் தெருக்களை ஒழுங்குபடுத்தக் கொண்டுவந்த சட்டம், அவன் போய் முக்கால் நூற்றாண்டு கடந்தும் நடைமுறையில் இருக்கிறது. 'ஒழுங்கற்ற நடத்தை' என்றால் என்ன என்பதைத் தெருவில் முடிவு செய்பவர் ரோந்துக் காவலர்.

மாவட்டங்களில் அதிகம் புழங்குவது இந்திய தண்டனைச் சட்டத்தின் 294(பி). பொது இடத்தில் பிறருக்கு எரிச்சலூட்டும்படி ஆபாசச் சொற்களைப் பேசுவது. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 296-ஆவது பிரிவு. மூன்று மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இதனுடன் குடிபோதையில் பொது இடத்தில் தவறாக நடப்பது என்ற பழைய 510, பொதுத்தொல்லை என்ற 290, அமைதிக்குப் பங்கம் வரலாம் என்று பிணை கேட்கும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107, 'வழக்கமான குற்றவாளி' என்று பிணை கேட்கும் 110. எண்கள் இப்போது மாறிவிட்டன. நிலையத்திலும் நீதிமன்றத்திலும் பழைய எண்களையே சொல்கிறார்கள். பிடிபடுகிறவர்களும் மாறவில்லை.

இந்தப் பிரிவுகளுக்கு ஒரு பொதுத்தன்மை உண்டு. கொலைக்குப் பிணம் வேண்டும், திருட்டுக்குப் பொருள் வேண்டும். இவற்றுக்கு எதுவும் வேண்டியதில்லை. ஒரு காவலரின் பார்வையில் ஒருவர் நின்ற விதம், பேசிய விதம், பார்த்த விதம் போதும். ஒரே டீக்கடை வாசலில், ஒரே இரவு பத்து மணிக்கு, ஊர்த்தெருப் பையன்கள் நான்கு பேர் நின்றால் அது அரட்டை. காலனிப் பையன்கள் நான்கு பேர் நின்றால் அது கூட்டம்.

நடுவர் நீதிமன்றத்தில் ஒரு காலை

முனைவர் பட்ட ஆய்வுக்காக வட மாவட்டம் ஒன்றின் நீதித்துறை நடுவர் நீதிமன்றங்களில் பல காலைகள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். பெட்டி கேஸ்களைக் கொண்டுவரும் காவலர் ஒரு கட்டுக் காகிதத்தோடு வருவார். கூடவே எட்டோ பத்தோ பேர். கட்டட வேலைக்குப் போகிறவர், மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர், இரவுப்பணி முடிந்து தூங்காமல் வந்திருக்கும் தூய்மைப் பணியாளர், திருநங்கை ஒருவர், வேலை தேடிக்கொண்டிருக்கும் பட்டதாரி ஒருவர். பெயர் கூப்பிடுவார்கள். குற்றச்சாட்டு வாசிக்கப்படும், பல நேரம் அது வாசிக்கப்பட்டதே கேட்காது. "ஒத்துக்கிறியா?" என்பார் எழுத்தர். "ஆமாங்கய்யா." அபராதத் தொகை சொல்லப்படும். அடுத்த பெயர்.

ஓர் ஆளுக்கு இரண்டு நிமிடம் ஆனால் அதிகம். நான் உட்கார்ந்திருந்த நாட்களில் இந்த வரிசையில் நின்ற எவருக்கும் வழக்கறிஞர் இருந்து பார்த்ததில்லை.

பெட்டி கேஸ் பட்டியலில் சாதிக்கு ஒரு கட்டம் கிடையாது. ஆனால் முகவரிக்கு உண்டு. தெருப்பெயர்களை ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் போதும். காலனி, புதுக்காலனி, அம்பேத்கர் நகர், குடிசை மாற்று வாரியக் குடியிருப்பு. நம் ஊர்களில் முகவரியே சாதிச் சான்றிதழ் என்பது இதைப் படிக்கும் யாருக்கும் புதிய செய்தி அல்ல.

அப்படி ஒரு காலையில் அபராதம் கட்டிவிட்டு வெளியே வந்த இருபத்திரண்டு வயதுத் தம்பி ஒருவரோடு வேப்பமரத்தடியில் பேசிக்கொண்டிருந்தேன். பேருந்து நிறுத்தத்தில் நண்பர்களோடு நின்றிருக்கிறார். ரோந்து வண்டி நின்றிருக்கிறது. "ஏன்டா இங்க நிக்கிற?" என்று கேட்டதற்கு, "பஸ்ஸுக்குத்தான் சார், மரியாதையா கேளுங்க" என்று சொல்லியிருக்கிறார். அந்த 'மரியாதையா' என்ற சொல்தான் அவர் செய்த ஆபாசம். நிலையத்துக்குக் கொண்டுபோய் 294(பி) எழுதிவிட்டார்கள். நீதிமன்ற வாசலில் ஏட்டு அன்பாகத்தான் சொல்லியிருக்கிறார்: "ஒத்துக்க தம்பி, ஃபைனக் கட்டிட்டுப் போயிரலாம். இல்லேன்னா வாய்தா வாய்தான்னு ஒரு வருஷம் அலையணும்." வாய்தாவுக்கு ஒருநாள் வந்தால் ஒருநாள் கூலி போகும். அவர் ஒத்துக்கொண்டார். பிறகு என்னிடம் கேட்டார்: "அக்கா, இது கேஸ் இல்லல்ல? வெறும் ஃபைன்தான?" அவர் சீருடைப் பணியாளர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார்.

ஒப்புதல் என்னும் ஒப்பந்தம்

அந்த "ஆமாங்கய்யா" என்ற ஒற்றைச் சொல்லில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். குற்றம் சாட்டப்பட்டவர் குற்றத்தை ஒப்புக்கொண்டால், அவர் சொன்னதை இயன்றவரை அவருடைய சொற்களிலேயே நடுவர் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். பழைய 252-ஆவது பிரிவு, இன்றைய சுரக்ஷா சன்ஹிதாவின் 275. இது வெறும் சடங்கல்ல, கட்டாய விதி என்று 1960-களிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த வழக்கு போனதே அன்றைய சென்னை மாநிலத்திலிருந்துதான், மதுவிலக்குச் சட்டத்தின்கீழ். ஆனால் இன்றைக்கும் ஒத்துக்கொண்டார் என்ற ஒரே வாசகம் எல்லாப் பெயருக்கும் எதிரே வரிசையாக ஏறுகிறது. பத்துப் பேர் ஒரே மாதிரிச் சொற்களில் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் அதிசயம் அங்கே நாள்தோறும் நடக்கிறது.

ஒப்புக்கொண்டபின் கதவு மூடிவிடும். ஒப்புதலின்பேரில் நடுவர் தண்டித்தால், தண்டனையின் அளவையும் அது சட்டப்படி சரியா என்பதையும் தவிர வேறு எதையும் மேல்முறையீட்டில் கேட்க முடியாது. 'நான் பேசவே இல்லை' என்பதைப் பிறகு எந்த மேல் நீதிமன்றத்திலும் மேல்முறையீடாகச் சொல்ல வழியில்லை.

இத்தனைக்கும் அந்த வரிசையில் நிற்பவர்களுக்கு இலவச வழக்கறிஞர் பெறும் உரிமை இருக்கிறது. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆவது பிரிவைப் பாருங்கள். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பே கிடையாது. முதன்முறை முன்னிறுத்தப்படும்போதே இந்த உரிமையை எடுத்துச் சொல்வது நடுவரின் கடமை என்று 1981-இல் பீகார் விசாரணைக் கைதிகள் வழக்கிலும், மீண்டும் 2012-இல் கசாப் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சொன்னது. மும்பைத் தாக்குதல் குற்றவாளிக்கு வழக்கறிஞர் வைத்த அரசு, பேருந்து நிறுத்தத்தில் நின்றவருக்கு அந்த உரிமை இருப்பதைச் சொல்வதுகூட இல்லை.

அபராதத்தின் உண்மையான விலை

'ஐந்நூறு ரூபாய் அபராதத்துக்கு இவ்வளவு பேச்சா?' என்று நீங்கள் கேட்கலாம். அந்தத் தம்பி கேட்ட கேள்விக்கு வருவோம். இது கேஸா, இல்லையா?

தமிழ்நாடு காவல்துறை சார்நிலைப் பணிக்கான சிறப்பு விதிகளில் 14(பி) என்றொரு விதி இருக்கிறது. காவல் சரிபார்ப்புக்கு முன் எந்தக் குற்ற வழக்கிலும் சம்பந்தப்பட்டிருக்கக் கூடாது என்பது அதன் சாரம். தண்டனை பெற்றிருக்கக் கூடாது என்று மட்டும் சொன்னால் புரிந்துகொள்ளலாம். அதோடு நிற்கவில்லை. சந்தேகத்தின் பலனில் விடுதலையானவரும், புகார்தாரர் பிறழ்சாட்சி ஆனதால் விடுதலையானவரும்கூட 'சம்பந்தப்பட்டவர்' என்றே கருதப்படுவார் என்கிறது அதன் விளக்கம். 2008-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வும் இதைச் சரி என்றே சொன்னது.

இதைச் சாதியக் கிராமத்தின் நடைமுறையோடு சேர்த்துப் படியுங்கள். கோயில் திருவிழாவில் தகராறு. அடிபட்டவர்கள் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் புகார் கொடுக்கிறார்கள். மறுநாளே எதிர்த்தரப்பிலிருந்து ஒரு 'கவுண்டர் கேஸ்' வருகிறது. 294(பி), 323, 506 என்ற வழக்கமான மூன்று எண்கள். அதில் படித்த பையன்களின் பெயர்களைத் தேடித்தேடிச் சேர்ப்பார்கள். பிறகு ஊர்ப் பெரியவர்கள் கூடி 'ராஜி' பேசுவார்கள். இரண்டு பக்கமும் வழக்கை விட்டுவிடுவது என்று முடிவாகும். புகார்தாரர்கள் பிறழ்சாட்சி ஆவார்கள். எல்லோரும் விடுதலை. பார்க்கச் சமமான முடிவு. ஆனால் நாற்பது ஏக்கர் நிலமும் அரிசி ஆலையும் வைத்திருப்பவருக்கு இதனால் போவது ஒன்றுமில்லை. அரசு வேலையை மட்டுமே நம்பி, மைதானத்தில் ஓடிப் பழகிக்கொண்டிருக்கும் காலனி இளைஞருக்கு விதி 14(பி) காத்திருக்கிறது. கவுண்டர் கேஸ் போடுகிறவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். 'உன்னைக் கவர்ன்மென்ட் வேலைக்குப் போகவிடாமப் பண்ணிடுவேன்' என்பது எங்கள் பக்கத்தில் அடிக்கடி கேட்கும் மிரட்டல்.

2016-இல் உச்ச நீதிமன்றம், பணி நியமனச் சரிபார்ப்பு பற்றிய ஒரு முக்கியத் தீர்ப்பில், இளவயதில் முழக்கமிட்டது போன்ற அற்ப வழக்குகளை மறைத்திருந்தால்கூட வேலை கொடுப்பவர் அதைப் பொருட்படுத்தாமல் விடலாம் என்றது. விடலாம் என்றுதான் சொன்னது, விட வேண்டும் என்று அல்ல. அந்த 'லாம்' யார் கையில் இருக்கிறது என்பதில்தான் இளைஞரின் எதிர்காலம் தொங்குகிறது.

எது பொது இடம்?

இந்த வழக்குகளின் மையத்தில் இருக்கும் சொல் 'பொது'. பொது இடம், பொது அமைதி, பொதுமக்களுக்கு இடையூறு. இந்தப் 'பொது' சாதிக்குத் தக்கபடி நீளவும் சுருங்கவும் செய்கிறது.

294(பி)-யில் பேருந்து நிறுத்தம், டீக்கடை, கண்மாய்க் கரை, சொந்தத் தெருமுனை எல்லாம் பொது இடம். சொன்ன சொல் என்ன என்பதைக்கூடப் பல குற்றப்பத்திரிகைகளில் எழுதுவதில்லை. 'அசிங்கமாகத் திட்டினார்' என்றிருக்கும். வெறும் வசைச்சொல் ஆபாசமாகாது, பாலியல் எண்ணத்தைத் தூண்டும் தன்மை அதில் இருக்க வேண்டும் என்று தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2022-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. அந்தத் தீர்ப்பைப் பின்பற்றினால் கீழ் நீதிமன்றங்களில் குவிந்திருக்கும் 294(பி) வழக்குகளில் பெரும்பகுதி எடுத்த எடுப்பிலேயே விழுந்துவிடும். ஆனால் எல்லோரும் ஒத்துக்கொண்டு அபராதம் கட்டும் இடத்தில் தீர்ப்பைக் காட்ட யார் இருக்கிறார்கள்?

இப்போது மறுபக்கம். சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஆர்), 3(1)(எஸ்) பிரிவுகளில் குற்றம். அதற்கும் 'பொதுப்பார்வையில்' நடந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. 2020-இல் வந்த ஒரு தீர்ப்பில், நான்கு சுவருக்குள் வெளியாள் இல்லாதபோது திட்டியது பொதுப்பார்வை ஆகாது என்றது உச்ச நீதிமன்றம். 2025 ஜனவரியில், திருச்சி மாவட்ட வழக்கொன்றில், அரசு அலுவலக அறைக்குள் அந்த ஊழியரையே சாதி சொல்லித் திட்டியதாகக் கூறப்பட்ட சம்பவமும் பொதுப்பார்வை ஆகாது என்று வழக்கு ரத்தானது.

சட்ட வாசகங்கள் வேறுவேறு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் விளைவைப் பாருங்கள். நம் சொல் எங்கே விழுந்தாலும் அது பொதுமக்களுக்கு எரிச்சல். நம்மீது விழும் சொல்லுக்கு மட்டும் சாட்சிகளும் சுவர்களும் கதவுகளும் எண்ணப்படுகின்றன. ஒன்றில் ஒரு காவலரின் வார்த்தை போதும், மற்றொன்றில் உச்ச நீதிமன்றம் வரை அளந்து பார்க்கிறார்கள். அந்தக் கவனத்தில் பத்தில் ஒரு பங்கு பெட்டி கேஸ் வரிசைக்கும் கிடைக்கட்டும் என்றுதான் கேட்கிறோம்.

பிணையும் பழைய பட்டியலும்

107, 110 வழக்குகள் இன்னொரு வகை. இவற்றில் குற்றமே நடந்திருக்க வேண்டியதில்லை, நடக்கலாம் என்ற ஐயம் போதும். இவற்றை விசாரிப்பவர் நீதிபதியும் அல்ல. தாசில்தார், கோட்டாட்சியர் போன்ற நிர்வாக நடுவர்கள். சேரிக்குள் புகுந்து அடித்தவரும் அடிவாங்கியவரும் 'இரு தரப்பினர்' என்ற ஒரே தலைப்பின்கீழ் பிணை எழுதிக் கொடுக்க வரிசையில் நிற்கிறார்கள். அமைதிப் பேச்சுவார்த்தை என்பதற்குப் பல ஊர்களில் இதுதான் பொருள்.

இந்த அதிகாரத்தை எச்சரிக்கையோடு பயன்படுத்தச் சொல்லும் தீர்ப்புகள் பல. விசாரணையைத் தொடங்காமல் இடைக்காலப் பிணை கேட்கக் கூடாது என்று 1970-இல் மது லிமயே வழக்கில் ஏழு நீதிபதிகள் அமர்வு சொன்னது. 110-ஐ ஏழைகள்மீது வீசாதீர்கள் என்ற பொருளில் 1980-இல் நீதிபதி கிருஷ்ணய்யர் கடிந்து எழுதினார். ஆனாலும் தமிழ்நாட்டில் 2013, 2014-இல் போடப்பட்ட அரசாணைகள் காவல் துணை ஆணையர்களுக்கே நிர்வாக நடுவர் அதிகாரத்தைக் கொடுத்தன. பிடிப்பதும் போலீஸ், பிணை கேட்பதும் போலீஸ், பிணையை மீறினாய் என்று சிறைக்கு அனுப்புவதும் போலீஸ். 2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் இந்த அரசாணைகளை அரசமைப்புக்கு முரணானவை என்று ரத்து செய்தது.

நிர்வாகத்திலிருந்து நீதித்துறையைப் பிரிக்க வேண்டும் என்ற இன்றைய 50-ஆவது உறுப்பை 1948 நவம்பரில் அரசமைப்பு அவையில் முன்மொழிந்தவர் அண்ணல் அம்பேத்கர். முதலில் அவர் வைத்த வாசகத்தில் மூன்றாண்டு காலக்கெடு இருந்தது. விவாதத்தில் அந்தக் கெடு நீக்கப்பட்டது. கெடு இல்லாமல் போனதன் விலையை யார் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதைத் தாலுகா அலுவலக வராந்தாவில் பார்க்கலாம்.

'வழக்கமான குற்றவாளி' என்ற கருத்துக்கும் ஒரு வம்சாவளி உண்டு. 1871-இல் பிறந்த குற்றப்பரம்பரைச் சட்டம் 1911-க்குப் பிறகு சென்னை மாகாணத்தில் வேர்விட்டது. பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று அதை எதிர்த்தவர்கள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். 1947-இல் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. அடுத்த ஆண்டே வழக்கக் குற்றவாளிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. ஒரு சாதி முழுவதும் பிறவிக் குற்றவாளி என்பது போய், ஒவ்வொருவராகப் பட்டியலில் ஏற்றும் முறை வந்தது. அன்று ரேகைச் சட்டத்தில் அவதிப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளில் சிலர் இன்று ஆதிக்கச் சாதிப் பெருமிதம் பேசி, பக்கத்துக் காலனிப் பையனைக் காவல் நிலையப் பட்டியலில் ஏற்றத் துணைபோகிறார்கள். தாத்தா எந்தப் பட்டியலில் இருந்தார் என்று வீட்டில் ஒருமுறை கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

காவல் நிலையத்தின் சரித்திரப் பதிவேட்டில் விளிம்புநிலைச் சமூகத்தவரை இயந்திரத்தனமாக ஏற்றக் கூடாது என்றும், சீர்மரபினரைக் காரணமின்றிக் கைது செய்யக் கூடாது என்றும் 2024-இல் இரண்டு தீர்ப்புகளில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்தப் பதிவேட்டுக்குத் தீனி போடுவதே நாம் சின்னது என்று விட்டுவிடும் பெட்டி கேஸ்கள்தான்.

சமூக சேவை யாருக்கு?

புதிய சட்டத்தில் ஆறு குற்றங்களுக்குச் 'சமூக சேவை' தண்டனையாக வந்திருக்கிறது. அவற்றில் ஒன்று குடிபோதையில் பொது இடத்தில் தவறாக நடப்பது, நியாய சன்ஹிதாவின் 355-ஆவது பிரிவு. சமூகத்துக்குப் பயன்படும், ஊதியமில்லாத வேலை என்பதைத் தாண்டி அந்த வேலை என்னவென்று சட்டம் சொல்லவில்லை. நடுவரின் விருப்பம்.

சிறைக்குப் பதில் சேவை என்பது முற்போக்காகத் தெரிகிறது. வேறொரு சமூகத்தில் அப்படியே இருக்கலாம். ஆனால் இந்த நாட்டில் துடைப்பத்துக்குச் சாதி உண்டு. சிறைக்குள்ளேயே எந்தச் சாதிக் கைதி கழிப்பறை கழுவ வேண்டும், எவர் சமைக்க வேண்டும் என்று எழுதிவைத்திருந்த விதிகளை 2024 அக்டோபர் 3 அன்றுதான் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அதே ஆண்டில், 'அரசு மருத்துவமனையைப் பெருக்கு', 'கழிப்பறையைக் கழுவு' என்று தண்டனை எழுதும் வாய்ப்பைத் திறந்துவைத்திருக்கிறோம். ஒரு தூய்மைப் பணியாளரின் மகனுக்கு, அவன் அம்மா வேலை செய்யும் மருத்துவமனையிலேயே பெருக்கும் தண்டனை கொடுத்தால் அதற்கு என்ன பொருள்? அவன் அம்மாவின் அன்றாட வேலை தண்டனைக்குச் சமம் என்று நீதிமன்றமே அறிவிப்பதுதான் பொருள். துப்புரவு வேலையைத் தண்டனையாகக் கொடுக்கக் கூடாது என்று தெளிவான விதி வேண்டும்.

'அப்போ ரகளை செய்தால் விட்டுவிடுவதா?'

இந்தக் கேள்வி நியாயமானது. குடித்துவிட்டு வருபவரின் ரகளையால் முதலில் பாதிக்கப்படுவது நம் தெருப் பெண்கள்தான். ராத்திரி நிம்மதியாகத் தூங்க முடியாமல் காவல் நிலையத்துக்குப் போன் போடுவதும் அவர்கள்தான். அவர்களுக்கு யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை.

ஆனால் அவர்கள் கொடுக்கும் புகார்களுக்கா இந்த வழக்குகள்? மனைவியை அடித்தவர்மீது புகார் கொடுக்கப் போனால் 'குடும்ப விஷயம், பேசித் தீர்த்துக்கங்கம்மா' என்று திருப்பி அனுப்பும் அதே நிலையம், மாதக் கடைசியில் எண்ணிக்கை காட்ட, கடை வாசலில் நின்றவரைத் தூக்குகிறது. 2003 முதல் அரசே டாஸ்மாக் கடை நடத்துகிறது. காசுள்ளவர் மதுவை வீட்டிலோ கிளப்பிலோ குடிப்பார். கூலிக்காரருக்கு இருப்பது தெருவும் மைதானமும். சரக்கை விற்றும் காசு, குடித்ததற்கு அபராதமாகவும் காசு. குடிநோய்க்குச் சிகிச்சை வேண்டிய இடத்தில் ரசீது கிடைக்கிறது.

நடுவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்பதும் என் வாதம் அல்ல. நூற்றுக்கணக்கான கோப்புகளோடு மல்லுக்கட்டும் ஒரு நடுவருக்குப் பெட்டி கேஸ் என்பது இரண்டு நிமிடத்தில் முடித்து எண்ணிக்கை காட்ட உதவும் வேலை. காவலருக்கும் அப்படியே. யாருக்கும் தனிப்பட்ட வன்மம் தேவையில்லை. ஆளாளுக்குத் தன் வேலையை எளிதாக முடித்துக்கொள்ள, முடிவில் தண்டனைப் பதிவு போய் விழும் இடம் மட்டும் மாறுவதில்லை. சாதி நிறுவனங்களுக்குள் வேலை செய்யும் விதம் இதுதான்.

என்ன கேட்க வேண்டும், என்ன செய்ய வேண்டும்

அரசிடமும் உயர் நீதிமன்றத்திடமும் நாம் கேட்க வேண்டியவை சில. வழக்கறிஞர் ஆலோசனை இல்லாமல் எந்த ஒப்புதல் வாக்குமூலத்தையும் பதிவு செய்யக் கூடாது. பெட்டி கேஸ் எடுக்கப்படும் நேரத்தில் சட்டப் பணிகள் குழு வழக்கறிஞர் ஒருவர் அந்த அறையில் இருக்க வேண்டும். என்ன சொல் பேசப்பட்டது என்று எழுதாத 294(பி) வழக்கைக் கோப்பிலேயே எடுக்கக் கூடாது. விதி 14(பி)-யைத் திருத்தி, அபராதத்தில் முடிந்த வழக்குகளையும், ராஜியிலும் பிறழ்சாட்சியாலும் விடுதலையானவற்றையும் தகுதியின்மைக் காரணங்களிலிருந்து நீக்க வேண்டும். சிறையில் இருப்பவர்களின் சாதிப் பிரிவுக் கணக்கை ஆண்டுதோறும் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வெளியிடுவதுபோல், பெட்டி கேஸ்களின் கணக்கையும் வெளியிட வேண்டும். கணக்கு இல்லாதவரை 'எல்லோர்மீதும்தான் போடுகிறோம்' என்ற பதிலே வரும்.

தோழர்கள் செய்யக்கூடியவையும் உண்டு. நீதிமன்றம் திறந்த அரங்கு. யாரும் போய் உட்காரலாம். சட்டக் கல்லூரி மாணவர்கள் ஐந்து பேர் வாரம் ஒருநாள் பக்கத்து நடுவர் நீதிமன்றத்தில் குறிப்பேட்டோடு உட்கார்ந்தால், ஒப்புதல் கேட்கப்படும் முறையே மாறுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். நம் படிப்பு வட்டங்களில் அம்பேத்கரையும் பெரியாரையும் வாசிக்கும் அதே மாலையில், கைது செய்யப்பட்டால் என்ன கேட்க வேண்டும் என்பதையும் அரை மணி நேரம் பேசுங்கள். 'எனக்கு வழக்கறிஞர் வேண்டும் ஐயா' என்று நடுவரிடம் சொல்ல எல்லோருக்கும் உரிமை உண்டு. இலவசச் சட்ட உதவிக்கு 15100 என்ற எண் இருக்கிறது. அபராதம் கட்டியவர்கள் தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்கி வையுங்கள். அரசு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது வழக்கு விவரத்தை மறைக்காதீர்கள். வழக்கைவிட மறைத்ததே பெரிய குற்றமாக நிற்கும்.

எல்லாவற்றுக்கும் முன், காலனியில் யாராவது 'ஃபைன்தானே, கட்டிட்டு வா' என்று சொன்னால் அந்த இடத்தில் பேச்சை நிறுத்துங்கள். அது அபராதம் அல்ல, தீர்ப்பு. அவர் குற்றவாளி என்று அரசு எழுதி, அவரையே கையெழுத்துப் போடவைத்த தீர்ப்பு. அதைக் கேள்வியில்லாமல் ஏற்றுக்கொள்ளும் பழக்கத்தை முதலில் நம் தெருவில் ஒழிப்போம். ஒவ்வொரு பெட்டி கேஸையும் நடத்தத் தொடங்கினால், அடுத்த பேருந்து நிறுத்தத்தில் வண்டியை நிறுத்துவதற்கு முன் அந்த ரோந்துக் காவலர் ஒருமுறை யோசிப்பார்.